அரசுக் கொள்முதலில் எஸ்.சி., எஸ்.டி. நிறுவனங்களுக்கு 4 சதவீதம்: விதிகள் என்ன, வாய்ப்பைப் பெறுவது எப்படி?

புதுதில்லி: மத்திய அரசின் அமைச்சகங்கள், துறைகள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவை ஆண்டுதோறும் வாங்கும் பொருட்கள், பெறும் சேவைகள் ஆகியவற்றின் மதிப்பில் குறைந்தது 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெறப்பட வேண்டும் என்பது விதி. இந்த 25 சதவீதத்துக்குள் 4 சதவீதம் பட்டியல் சாதியினர் (எஸ்.சி.), பட்டியல் பழங்குடியினர் (எஸ்.டி.) நடத்தும் நிறுவனங்களுக்கும், 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கும் உரியது. அதாவது, அரசு 100 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால், அதில் 4 ரூபாய் எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோரைச் சென்றடைய வேண்டும்.

நடைமுறை வேறாக உள்ளது. குறு, சிறு நிறுவனங்களுக்கான ஒட்டுமொத்த 25 சதவீத இலக்கு அண்மை ஆண்டுகளில் தொடர்ந்து தாண்டப்பட்டு வருகிறது. ஆனால், கொள்முதலைக் கண்காணிக்கும் 'சம்பந்த்' இணையதளத்தில் வெளியான விவரங்களின்படி, 2018-19 முதல் 2022-23 வரையிலான எந்த நிதியாண்டிலும் எஸ்.சி., எஸ்.டி. நிறுவனங்களின் பங்கு 2 சதவீதத்தை எட்டவில்லை. இலக்கில் பாதிகூட நிறைவேறவில்லை என்பதே இதன் பொருள்.

இந்த இட ஒதுக்கீடு எவ்வாறு செயல்படுகிறது, யார் தகுதியுடையவர், எந்தெந்தச் சலுகைகள் உண்டு, எங்கே தடை ஏற்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கொள்கை உருவான விதம்

பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்குக் கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் ஒதுக்கீடு இருப்பதுபோல, அரசு ஒப்பந்தங்களிலும் பங்கு வேண்டும் என்ற கோரிக்கை 2002 ஜனவரியில் போபாலில் நடைபெற்ற மாநாட்டில் வலுப்பெற்றது. 'போபால் பிரகடனம்' என அறியப்படும் அந்த ஆவணம், அரசும் தனியாரும் தங்கள் கொள்முதலில் இப்பிரிவினருக்கு இடமளிக்க வேண்டும் என வலியுறுத்தியது. அமெரிக்காவில் சிறுபான்மை இனத்தவரின் சிறு தொழில்களுக்கு அரசு ஒப்பந்தங்களில் வாய்ப்பளிக்கும் நடைமுறை 1960-களின் இறுதியிலிருந்து வளர்ந்து வந்ததே இதற்கு முன்மாதிரியாக இருந்தது. 2005-ஆம் ஆண்டு புணேயில் மிலிந்த் காம்ப்ளே தொடங்கிய தலித் இந்திய வர்த்தக, தொழிற்சபை இக்கோரிக்கையைத் தொடர்ந்து முன்னெடுத்தது.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006-இன் 11-ஆவது பிரிவின்கீழ், குறு, சிறு நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் கொள்கை ஆணையை மத்திய அரசு 2012 மார்ச் 23-இல் வெளியிட்டது. அது ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அப்போது மொத்த இலக்கு 20 சதவீதம், அதில் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 4 சதவீதம். முதல் மூன்று ஆண்டுகள் இது ஊக்குவிப்பாக மட்டுமே இருந்தது. 2015 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. 2018 நவம்பரில் மொத்த இலக்கு 25 சதவீதமாக உயர்த்தப்பட்டு, பெண்களுக்கு 3 சதவீதம் சேர்க்கப்பட்டது. எஸ்.சி., எஸ்.டி. பங்கு 4 சதவீதமாகவே நீடித்தது.

யார் தகுதியுடையவர்?

முதல் நிபந்தனை, நிறுவனம் குறு அல்லது சிறு வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள வரையறைப்படி, இயந்திரங்கள், சாதனங்களில் ரூ.2.5 கோடி வரை முதலீடும் ரூ.10 கோடி வரை ஆண்டு விற்றுமுதலும் கொண்டது குறு நிறுவனம். ரூ.25 கோடி வரை முதலீடும் ரூ.100 கோடி வரை விற்றுமுதலும் கொண்டது சிறு நிறுவனம். நடுத்தர நிறுவனங்களுக்கு இக்கொள்முதல் கொள்கை பொருந்தாது.

இரண்டாவது நிபந்தனை உரிமையைப் பற்றியது. தனிநபர் நிறுவனமாயின் உரிமையாளர் எஸ்.சி. அல்லது எஸ்.டி. பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். கூட்டு நிறுவனமாயின் அப்பிரிவைச் சேர்ந்த பங்குதாரர்களிடம் குறைந்தது 51 சதவீதப் பங்கு இருக்க வேண்டும். தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனமாயின் குறைந்தது 51 சதவீதப் பங்குகள் அப்பிரிவைச் சேர்ந்த நிறுவனர்களிடம் இருக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. தாமே உற்பத்தி செய்யும் பொருளுக்கோ, தாமே வழங்கும் சேவைக்கோ மட்டுமே இச்சலுகைகள் கிடைக்கும். பிறரிடம் வாங்கி விற்கும் வணிகர்கள் 2021 ஜூலை முதல் 'உதயம்' தளத்தில் பதிவு செய்ய அனுமதிக்கப்பட்டாலும், அப்பதிவு வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கானது. கொள்முதல் சலுகைக்கு உரியதன்று. கட்டடம், சாலை போன்ற பணி ஒப்பந்தங்களும் இக்கொள்கையின் வரம்பில் வருவதில்லை.

விலையில் கிடைக்கும் முன்னுரிமை

சிறு நிறுவனம் பெரிய நிறுவனத்தோடு விலையில் போட்டியிடுவது கடினம். இதற்காகவே '15 சதவீத வரம்பு' என்ற விதி வகுக்கப்பட்டுள்ளது. ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும்.

ஒரு துறை 1,000 இருக்கைகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோருகிறது எனக் கொள்வோம். பெரிய நிறுவனம் ஒன்று இருக்கைக்கு ரூ.5,000 எனக் குறிப்பிட்டு, மிகக் குறைந்த விலை கோரியவராக, அதாவது 'எல்-1' ஆக வருகிறது. இதைவிட 15 சதவீதம் வரை கூடுதலாக, அதாவது ரூ.5,750 வரை கோரியிருக்கும் குறு, சிறு நிறுவனங்கள் இந்த வரம்புக்குள் வரும். ரூ.5,600 கோரிய சிறு நிறுவனம், தன் விலையை ரூ.5,000-ஆகக் குறைக்க ஒப்புக்கொண்டால், குறைந்தது 25 சதவீத அளவை, அதாவது 250 இருக்கைகளை வழங்கும் வாய்ப்பைப் பெறும். ரூ.5,900 கோரிய நிறுவனத்துக்கு அவ்வாய்ப்பு இல்லை. வரம்புக்குள் பல சிறு நிறுவனங்கள் இருந்தால் அளவு பகிர்ந்தளிக்கப்படும். எஸ்.சி., எஸ்.டி. நிறுவனங்களுக்கான 4 சதவீதப் பங்கு இக்கணக்கில் 40 இருக்கைகள் ஆகும்.

இங்கு இரண்டு செய்திகள் முக்கியமானவை. அரசு கூடுதல் விலை தருவதில்லை. எல்-1 விலைக்கு இறங்கி வரும் வாய்ப்பை மட்டுமே தருகிறது. மேலும், எல்-1 நிறுவனமே குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால் இவ்விதி எழுவதில்லை.

பிற சலுகைகள்

ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள் குறு, சிறு நிறுவனங்களுக்குக் கட்டணமின்றி வழங்கப்பட வேண்டும். இ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகையிலிருந்து அவற்றுக்கு விலக்கு உண்டு. பொதுவாக ஒப்பந்த மதிப்பில் 2 முதல் 5 சதவீதம் வரை இத்தொகை கோரப்படுவதால், இவ்விலக்கு பெரிய உதவியாகும். எனினும், ஒப்பந்தம் கிடைத்தபின் செலுத்த வேண்டிய செயல்திறன் பிணைத்தொகைக்கு இவ்விலக்கு பொருந்தாது. அதற்கான பணத்தையோ வங்கி உத்தரவாதத்தையோ முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து மட்டுமே வாங்க வேண்டியவை என 358 பொருட்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. துடைப்பம், காலணி போன்றவை இப்பட்டியலில் உள்ளன. தோல் தொழில், துப்புரவுப் பொருள் தயாரிப்பு ஆகியவற்றில் தலைமுறைகளாக ஈடுபட்டுள்ள சமூகங்களுக்கு இப்பட்டியல் நேரடிப் பொருத்தமுடையது. ரூ.200 கோடி வரையிலான கொள்முதலுக்கு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரக் கூடாது என்ற 2020-ஆம் ஆண்டு விதியும் உள்நாட்டுச் சிறு நிறுவனங்களுக்குச் சாதகமானது.

முன் அனுபவம், விற்றுமுதல் ஆகிய நிபந்தனைகளைத் தளர்த்தவும் இடமுண்டு. ஆனால் பொருளின் தரமும் தொழில்நுட்பத் தகுதியும் நிறைவாக இருந்தால் மட்டுமே தளர்வு கிடைக்கும். அதை வழங்குவதா, இல்லையா என்பதை வாங்கும் அலுவலகமே முடிவு செய்கிறது. ஒவ்வொரு ஏல ஆவணத்திலும் இது 'ஆம்' அல்லது 'இல்லை' எனக் குறிப்பிடப்பட்டிருக்கும். விண்ணப்பிப்பவர் முதலில் பார்க்க வேண்டிய வரி அதுவே.

பதிவு முதல் ஏலம் வரை

முதல் படி 'உதயம்' பதிவு. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இப்பதிவு முற்றிலும் இணையவழியிலானது. ஆதார் எண், பான் எண், தேவைப்படும் நிறுவனங்களுக்கு ஜி.எஸ்.டி. எண் ஆகியவை போதும். இதற்குக் கட்டணம் கிடையாது. அரசுத் தளத்தைப் போலத் தோற்றமளிக்கும் தனியார் தளங்களில் பணம் செலுத்தி ஏமாற வேண்டியதில்லை. பதிவின்போது சமூகப் பிரிவைச் சரியாகக் குறிப்பிடுவது அவசியம். அப்பகுதியில் 'பொது' எனப் பதிவாகியிருந்தால், தகுதியிருந்தும் 4 சதவீத ஒதுக்கீட்டில் அந்நிறுவனம் கணக்கில் வராது. சாதிச் சான்றிதழில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்திருப்பதும் முக்கியம்.

இரண்டாவது படி 'ஜெம்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அரசு மின்சந்தையில் விற்பனையாளராகப் பதிவு செய்வது. 2016 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட இத்தளத்தில் கிடைக்கும் பொருட்களையும் சேவைகளையும் அதன்வழியே வாங்குவது மத்திய அரசுத் துறைகளுக்குக் கட்டாயம். குறைந்த மதிப்புள்ள பொருட்களை நேரடியாக வாங்குதல், அதற்கு மேற்பட்டவற்றை விலை ஒப்பிட்டு வாங்குதல், பெரிய தொகைக்கு ஏலம் நடத்துதல் என மூன்று வழிகள் உள்ளன. புதிதாக நுழைவோருக்கு முதலிரண்டு வழிகள் எளியவை. சிறு கொள்முதல்களைக் காலத்தில் நிறைவேற்றிப் பெறும் நற்பதிவு, பின்னர் பெரிய ஏலங்களில் முன் அனுபவமாகக் காட்ட உதவும்.

மூன்றாவது படி, மத்தியப் பொதுக் கொள்முதல் இணையதளத்தையும் பொதுத்துறை நிறுவனங்களின் சொந்தத் தளங்களையும் தொடர்ந்து கவனிப்பது. ஒவ்வோர் அமைச்சகமும் தன் ஆண்டுக் கொள்முதல் திட்டத்தை முன்கூட்டியே இணையதளத்தில் வெளியிட வேண்டும் என 2012-ஆம் ஆண்டு ஆணை கூறுகிறது. எந்த அலுவலகம், எப்பொருளை, எவ்வளவு வாங்கவிருக்கிறது என்பதை அதிலிருந்து அறியலாம்.

நேரடியாக ஒப்பந்தம் பெற இயலாதவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. பெரிய ஒப்பந்ததாரர் தம் பணியின் ஒரு பகுதியைக் குறு, சிறு நிறுவனத்துக்குத் துணை ஒப்பந்தமாக அளித்தால், அதுவும் சிறு நிறுவனக் கொள்முதலாகவே கணக்கிடப்படும். ஆகவே பெரிய நிறுவனங்களுக்கு உதிரிபாகம் செய்து தருவதும் அரசுக் கொள்முதலுக்குள் நுழையும் வாயிலே.

கைகொடுக்கும் திட்டங்கள்

4 சதவீத இலக்கை அடைய உதவும் நோக்குடன் தேசிய எஸ்.சி.-எஸ்.டி. மையம் 2016 அக்டோபர் 18-இல் லூதியானாவில் பிரதமர் நரேந்திர மோடியால் தொடங்கிவைக்கப்பட்டது. தேசியச் சிறுதொழில் கழகம் இதைச் செயல்படுத்துகிறது. ஒப்பந்தப்புள்ளியில் பங்கேற்கப் பயிற்சி, பதிவுக்கு உதவி, வணிகக் கண்காட்சிகளில் பங்கேற்க நிதி, அரசு நிறுவனங்களின் கொள்முதல் அலுவலர்களுடன் சந்திப்பு ஆகியவற்றை இம்மையம் வழங்குகிறது. இதன்கீழ், இயந்திரங்கள் வாங்கப் பெறும் ரூ.1 கோடி வரையிலான வங்கிக் கடனுக்கு 25 சதவீத மூலதன மானியம், அதாவது அதிகபட்சம் ரூ.25 லட்சம் கிடைக்கும்.

2016 ஏப்ரலில் தொடங்கப்பட்ட 'ஸ்டாண்ட் அப் இந்தியா' திட்டம், ஒவ்வொரு வங்கிக் கிளையும் எஸ்.சி. அல்லது எஸ்.டி. பிரிவைச் சேர்ந்த ஒருவருக்கும் பெண் ஒருவருக்குமாவது ரூ.10 லட்சம் முதல் ரூ.1 கோடி வரை கடன் வழங்க வேண்டும் என்ற நோக்கில் அறிமுகப்படுத்தப்பட்டது.

இலக்கு ஏன் எட்டப்படவில்லை?

முதல் காரணம் தொழில் உரிமையிலேயே உள்ள ஏற்றத்தாழ்வு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம், பழங்குடியினர் 8.6 சதவீதம். ஆனால் 2015-16-இல் நடத்தப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 73-ஆவது சுற்றின்படி, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு உரியவை சுமார் 12.5 சதவீதம், பழங்குடியினருக்கு உரியவை சுமார் 4 சதவீதம் மட்டுமே. இருப்பவற்றிலும் பெரும்பாலானவை மிகச் சிறிய, வேலையாட்கள் இல்லாத தொழில்கள். அரசு அலுவலகம் ஒன்று ஒரே நேரத்தில் கோரும் அளவை அவற்றால் வழங்க இயலாது.

இரண்டாவது காரணம் விதியிலேயே உள்ள விலக்கு. எஸ்.சி., எஸ்.டி. நிறுவனங்கள் ஒப்பந்தப்புள்ளியில் பங்கேற்காவிட்டாலோ, நிபந்தனைகளையும் எல்-1 விலையையும் நிறைவு செய்யாவிட்டாலோ, அவர்களுக்குரிய 4 சதவீதத்தைப் பிற குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம் என 2012-ஆம் ஆண்டு ஆணை அனுமதிக்கிறது. நிரப்பப்படாத பங்கு அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லப்படுவதில்லை. ஒட்டுமொத்த 25 சதவீதம் தாண்டப்படும் வேளையில் 4 சதவீதம் பின்தங்குவதற்கு இவ்விதி வழிவிடுகிறது.

மூன்றாவது காரணம் பொறுப்புடைமை. இலக்கை எட்டாத அமைச்சகம், குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் துறைச் செயலர் தலைமையிலான மறுஆய்வுக் குழுவிடம் காரணத்தை விளக்க வேண்டும். அபராதமோ வேறு தண்டனையோ விதிக்கப்படவில்லை. இக்கொள்கையின் சட்ட வலிமை குறித்து உச்ச நீதிமன்றம் 2025-இல் லைஃப்கேர் இன்னோவேஷன்ஸ் வழக்கில் ஆராய்ந்தது. ஒரு குறிப்பிட்ட நிறுவனம் ஒப்பந்தத்தைத் தனிப்பட்ட உரிமையாகக் கோர இயலாது என்றபோதிலும், இலக்கை நிறைவேற்றுவது அரசு அமைப்புகளின் சட்டப்பூர்வக் கடமை என்றும், அவை அதை நிறைவேற்றுகின்றனவா என்பதை நீதிமன்றம் ஆராயலாம் என்றும் அத்தீர்ப்பு கூறியது.

நான்காவது, உரிமையின் உண்மைத்தன்மை. இந்திய வரையறை 51 சதவீத உரிமையை மட்டுமே கோருகிறது. அமெரிக்காவின் '8(ஏ)' திட்டமோ உரிமையோடு, அன்றாட நிர்வாகமும் முடிவெடுக்கும் அதிகாரமும் அப்பிரிவினரிடமே இருக்க வேண்டும் என நிபந்தனை விதிக்கிறது. நிர்வாகம் பற்றிய நிபந்தனை இல்லாத இடத்தில், பெயரளவு உரிமையாளரை முன்னிறுத்திப் பிறர் பயன்பெறும் அபாயம் உண்டு.

பணம் தாமதமானால் என்ன செய்யலாம்?

ஒப்பந்தம் பெறுவதைவிட, வழங்கிய பொருளுக்குப் பணம் பெறுவதே பல சிறு நிறுவனங்களின் பெருங்கவலை. குறைந்த நடப்பு மூலதனத்துடன் இயங்கும் தொழிலில் ஒரு பட்டியல் தொகை நின்றுபோனால் அடுத்த மாத ஊதியமும் நின்றுபோகும்.

2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி, பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து, எழுத்துப்பூர்வ உடன்பாடு இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், உடன்பாடு இல்லையெனில் 15 நாட்களுக்குள்ளும் பணம் தரப்பட வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டியுடன் செலுத்த வேண்டும் என்கிறது 16-ஆவது பிரிவு. மாநில அளவிலான வசதியாக்கக் குழுவிடம் முறையிடலாம். இதற்கான 'சமாதான்' இணையதளம் 2017 அக்டோபரில் தொடங்கப்பட்டது. குழுவின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் வாங்குநர், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் செலுத்த வேண்டும்.

வழக்குக்குச் செல்லாமல் பணம் பெற 'டிரெட்ஸ்' தளங்கள் உதவுகின்றன. வாங்குநர் ஏற்றுக்கொண்ட பட்டியலை அத்தளத்தில் வங்கிகளுக்குத் தள்ளுபடி விலையில் விற்று உடனடியாகப் பணம் பெறலாம். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் அனைத்தும், ரூ.250 கோடிக்கு மேல் விற்றுமுதல் கொண்ட நிறுவனங்களும் 2025 மார்ச் 31-க்குள் இத்தளங்களில் இணைய வேண்டும் என அரசு அறிவித்தது.

எச்சரிக்கை ஒன்று: பொருள் வழங்கிய பின்னர் பதிவு செய்துகொண்டு, முந்தைய நிலுவைக்குச் சட்டப் பலன் கோருவதை உச்ச நீதிமன்றம் 2021-இல் ஏற்கவில்லை. இது தொடர்பான கேள்வி 2025-இல் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. எனவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே உதயம் பதிவை முடித்துவிடுவதே பாதுகாப்பானது.

மாநிலங்களும் மதச் சிறுபான்மையினரும்

மத்திய அரசின் ஆணை மாநில அரசுத் துறைகளைக் கட்டுப்படுத்தாது. மாநிலங்கள் தத்தம் சட்டங்களைப் பின்பற்றுகின்றன. மத்தியக் கொள்கையில் இடம்பெறாத பணி ஒப்பந்தங்களிலும் கர்நாடகம் ஒதுக்கீடு வழங்குகிறது. அங்கு குறிப்பிட்ட மதிப்பு வரையிலான பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 17.15 சதவீதமும் பழங்குடியினருக்கு 6.95 சதவீதமும் ஒதுக்கப்பட்டுள்ளன. முதலில் ரூ.50 லட்சமாக இருந்த வரம்பு பின்னர் ரூ.1 கோடியாக உயர்த்தப்பட்டது.

மதச் சிறுபான்மையினருக்கு மத்தியக் கொள்முதல் கொள்கையில் தனி ஒதுக்கீடு இல்லை. அவர்களது நிறுவனங்கள் பிற குறு, சிறு நிறுவனங்களைப் போலவே 25 சதவீத ஒதுக்கீட்டில் போட்டியிடலாம். 1994-இல் நிறுவப்பட்ட தேசியச் சிறுபான்மையினர் மேம்பாட்டு, நிதிக் கழகம் கடனுதவி வழங்குகிறது. முஸ்லிம்கள் அடங்கிய '2பி' பிரிவினருக்கு ஒப்பந்தங்களில் 4 சதவீதம் ஒதுக்கும் மசோதாவைக் கர்நாடக சட்டப்பேரவை 2025 மார்ச்சில் நிறைவேற்றியது. ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பினார்.

விண்ணப்பிக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

1. உதயம் சான்றிதழில் சமூகப் பிரிவு, நிறுவன வகை, உற்பத்தி செய்யும் பொருள் ஆகியவை சரியாக உள்ளனவா?

2. ஏல ஆவணத்தில் குறு, சிறு நிறுவன முன்னுரிமை, அனுபவத் தளர்வு, விற்றுமுதல் தளர்வு ஆகியவை 'ஆம்' எனக் குறிப்பிடப்பட்டுள்ளனவா?

3. எல்-1 விலைக்கு இறங்க நேர்ந்தால் நட்டமின்றி வழங்க இயலுமா? இயலாத விலைக்கு ஒப்புக்கொண்டு பின்வாங்கினால், குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தங்களில் பங்கேற்கத் தடை விதிக்கப்படலாம்.

4. செயல்திறன் பிணைத்தொகைக்கும், பணம் வந்து சேரும்வரை தேவைப்படும் நடப்பு மூலதனத்துக்கும் ஏற்பாடு உள்ளதா?

5. பொருள் ஏற்கப்பட்டதற்கான சான்று, நாள் குறிப்புடன் பெறப்படுகிறதா? 45 நாள் கணக்கு அந்த நாளிலிருந்தே தொடங்குகிறது.

6. சலுகை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெற வேண்டும். மறுஆய்வுக் குழுவிடமோ நீதிமன்றத்திடமோ செல்ல நேர்ந்தால் அந்தக் கடிதமே முதல் ஆவணமாக அமையும்.